அரம் தொடாத கார்

லேலண்ட் என்றதும் நமக்கு எண்ணூர்த் தொழிற்சாலையும் அரசுப் பேருந்தின் முகப்பும்தான் கண்ணில் வரும். அது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊரில் தொடங்கிய லாரி நிறுவனத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. நான் எழுதப்போவது ஹென்றி மார்ட்டின் லீலண்ட் என்ற அமெரிக்கரைப் பற்றி. இரண்டு பெயருக்கும் ஒலியைத் தவிர உறவு ஒன்றும் இல்லை.

காடிலாக், லிங்கன் ஆகிய இரண்டு கார் நிறுவனங்களையும் தொடங்கியவர் இவர். இரண்டு பெயர்களும் இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஆனால் ஹென்றி ஃபோர்டைத் தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட லீலண்டைத் தெரியாது. எனக்கு அது மனக்குறை. காரைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர் ஃபோர்டு. அந்தப் பெருமையில் பங்கு கேட்க வேறு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதற்கு முன்பே நடந்தாக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அது நடக்காமல் ஃபோர்டின் ஓடும் உற்பத்தி வரிசை ஒரு நாள்கூட ஓடியிருக்காது. கார்த் தொழிலில் அந்த வேலையை முழுமையாகச் செய்து, உலகத்தின் கண்முன் நிரூபித்தவர் லீலண்ட். ஒரே வரியில் சொன்னால், ஃபிட்டரின் கையிலிருந்து அரத்தை வாங்கி வைத்தவர் அவர்.

அரம் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார் செய்த இடங்கள் பெரும்பாலும் பெரிய பட்டறைகள்தான். வார்ப்படச் சாலையிலிருந்து சிலிண்டர் வரும். லேத்தில் கடைந்த பிஸ்டன் வரும். அச்சு வரும், பற்சக்கரம் வரும். ஒவ்வொன்றும் வரைபடத்தில் சொன்ன அளவுக்கு ஏறக்குறைய இருக்கும். அந்த ‘ஏறக்குறைய’வைச் சரிசெய்ய ஒரு ஃபிட்டர் இருப்பார். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்ப்பார். இறுகினால் எடுத்து அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்ப்பார், மறுபடி விட்டுப் பார்ப்பார். தளர்ந்துபோனால் வேறொன்றைத் தேடுவார். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்காகவே தேய்த்துப் பொருத்தப்பட்டது. அந்த ஃபிட்டரின் கைத்திறன் சாதாரணமானது அல்ல. ஐரோப்பாவின் உயர்ந்த கார்கள் எல்லாம் அப்படித்தான் உருவாயின. அதுவே தரத்தின் அடையாளம் என்றும் எல்லோரும் நம்பினார்கள்.

இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. கார் ஊருக்குப் போய் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால், தொழிற்சாலையிலிருந்து வரும் புதுப் பாகம் அப்படியே பொருந்தாது. உள்ளூரில் மறுபடியும் ஒரு நல்ல ஃபிட்டரைத் தேட வேண்டும், மறுபடியும் அரம் பிடிக்க வேண்டும். இன்னொரு தொல்லை எண்ணிக்கையில் இருந்தது. பத்துக் காருக்குப் பத்து ஃபிட்டர்கள் கிடைப்பார்கள். பத்தாயிரம் காருக்கு எங்கே போவது?

இதற்கு விடை கார்த் தொழிலில் இல்லை. துப்பாக்கித் தொழிலில் இருந்தது. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் விசை உடைந்தால் இன்னொரு துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட முடிய வேண்டும் என்ற தேவையால், அமெரிக்க அரசின் ஆயுதச் சாலைகள் பல பத்தாண்டுகள் போராடி, ஒரே அளவில் பாகங்களைச் செய்யக் கற்றிருந்தன. அந்தப் பாடத்தைத் தம் இளமையிலேயே கற்றவர் லீலண்ட்.

அவர் 1843 பிப்ரவரி 16 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதின்பருவத்தில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் குரோம்ப்டன் தறித் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்டபோது ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலைக்குப் போனார். பிறகு ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை. 1864இல், தம் 21ஆம் வயதில், முதல் ஓட்டை ஆபிரகாம் லிங்கனுக்குப் போட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 53 ஆண்டுகள் கழித்து அந்த ஓட்டு திரும்பி வரும்.

1872இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் இருந்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கழித்த 18 ஆண்டுகள்தான் லீலண்டை லீலண்டாக ஆக்கின. அளவுக் கருவிகளுக்கு அமெரிக்காவில் அந்த நிறுவனத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அதன் உரிமையாளர்கள் 1867இல் பாரீஸ் கண்காட்சியில் மைக்ரோமீட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தொழிலாளி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதைச் சிறிதாக்கி விற்றவர்கள். அதற்கு முன் மிகச் சிறிய அளவு என்பது பட்டறைத் தலைவரின் அறையில் பூட்டி வைத்த பொருள். இப்போது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை எந்தத் தொழிலாளியும் தன் விரலால் திருகிப் படிக்கலாம். ஒப்பிடச் சொன்னால், நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு.

அங்கே வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் தையல் இயந்திரம் செய்யும் பிரிவு லீலண்டின் பொறுப்பில் வந்தது. தையல் இயந்திரம் வீட்டுக்கு வீடு போகும் பொருள். பழுதானால் அஞ்சலில் பாகம் வரும். பெண்கள் தாங்களே மாட்டிக்கொள்ள முடிய வேண்டும். துப்பாக்கிக்காகப் பிறந்த ஒழுங்கு வீட்டுப் பொருளுக்கு இறங்கி வந்த இடம் அது. முடிவெட்டும் கைமெஷினை மேம்படுத்தி அதை ஒரு தொழிலாகவே வளர்த்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1890இல், 47 வயதில், சொந்தத் தொழில் தொடங்க டெட்ராய்ட்டுக்கு வந்தார். ராபர்ட் ஃபால்கனர் என்ற மரத்தொழில் முதலாளி பணம் போட்டார். லீலண்ட் அண்ட் ஃபால்கனர் என்ற அந்தப் பட்டறை மிகச் சீக்கிரம் நகரத்தில் பெயர் எடுத்தது. சங்கிலி இல்லாத சைக்கிள்கள் அப்போது நாகரிகம். அவற்றின் சாய்பற் சக்கரங்களைக் கடினப்படுத்தி, பிறகு சாணை பிடித்துத் துல்லியமாக்கித் தருவதில் இவர்கள் தேர்ந்தார்கள். எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்தும்போது அது கொஞ்சம் கோணிக்கொள்ளும். அந்தக் கோணலை அப்படியே விட்டுவிடுவதுதான் அன்றைய வழக்கம். லீலண்ட் விடவில்லை.

கார் உலகத்துக்குள் அவர் நுழைந்தது ஒரு தீ விபத்தால். 1901 மார்ச்சில் டெட்ராய்ட்டில் ரான்சம் ஓல்ட்ஸின் கார்த் தொழிற்சாலை எரிந்தது. உற்பத்தியை நிறுத்தாமல் இருக்க ஓல்ட்ஸ் பாகங்களை வெளிப் பட்டறைகளிடம் செய்யக் கொடுத்தார். எஞ்சின் ஆர்டர் ஒன்று லீலண்டுக்கு வந்தது. அந்த ஆண்டு டெட்ராய்ட் கண்காட்சியில் ஒரே வரைபடத்தின்படி செய்த இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒன்று டாட்ஜ் சகோதரர்கள் செய்தது, இன்னொன்று லீலண்ட் செய்தது. லீலண்ட் குடும்பத்தார் சொல்லிவந்த கணக்கின்படி, முதலாவது 3 குதிரைத்திறன் தந்தது. லீலண்டின் எஞ்சின் 3.7. வடிவமைப்பில் மாற்றம் ஒன்றும் இல்லை. உராய்கிற இடங்கள் வழவழப்பாக இருந்தன, கசிகிற இடங்கள் இறுக்கமாக இருந்தன, அவ்வளவுதான். ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் சக்தி வெறும் அளவிலிருந்து வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, சொன்னதைச் சொன்னபடி செய்தாலே எஞ்சின் வலுவாகிவிடும் என்று நிரூபிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது.

பிறகு லீலண்ட் அந்த எஞ்சினின் வடிவத்தையும் திருத்தி 10 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனார். ஓல்ட்ஸ் நிறுவனம் வேண்டாம் என்றுவிட்டது. அவர்கள் கார் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. புது எஞ்சினுக்காக எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை. ஆக, நாட்டின் மிகச் சிறந்த சிறிய எஞ்சின் ஒன்று காரில்லாமல் லீலண்டின் பட்டறையில் கிடந்தது.

அதே நகரத்தில் எஞ்சினில்லாத கார் நிறுவனம் ஒன்றும் இருந்தது. ஹென்றி ஃபோர்டின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. முதலீட்டாளர்களுக்கும் ஃபோர்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆலோசகராக லீலண்டை அவர்கள் அழைத்துவந்தது ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. 1902 மார்ச்சில் 900 டாலரை வாங்கிக்கொண்டு, தம் பெயரை இனிப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஆகஸ்டில் முதலீட்டாளர்கள் கடையை மூட முடிவெடுத்து, இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லீலண்டைக் கூப்பிட்டார்கள். அவர் மதிப்பீட்டோடு தம் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு போனார். விற்காதீர்கள், இதை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார். அவர்கள் கேட்டார்கள். 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சு அதிகாரி காடிலாக்கின் பெயர் நிறுவனத்துக்கு வைக்கப்பட்டது. 1903 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் 750 டாலர் விலையில் அந்த ஒற்றை சிலிண்டர் காருக்கு 2,000க்கு மேற்பட்ட ஆர்டர்கள் குவிந்தன. லீலண்டுக்கு அப்போது 59 வயது. 1905இல் அவருடைய பட்டறையும் காடிலாக்கும் ஒன்றாக இணைந்தன; அவரும் மகன் வில்ஃபிரட்டும் நிர்வாகத்துக்கு வந்தார்கள்.

லீலண்டின் தொழிற்சாலைக்குள் வேலை எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். துல்லியம் என்றால் எல்லாப் பாகமும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பது என்று நினைக்கிறோம். அப்படி உலகில் எந்தத் தொழிற்சாலையாலும் செய்ய முடியாது. லேத்தின் உளி தேயும், உலோகம் சூட்டில் விரியும், தொழிலாளி களைப்பான். லீலண்ட் கேட்ட கேள்வி வேறு: எவ்வளவு பிசகினால் பொறுக்கலாம்? ஓர் அங்குலப் பருமன் உள்ள அச்சு வேண்டும் என்றால், அது எவ்வளவு பெருக்கலாம், எவ்வளவு சிறுக்கலாம் என்று இரண்டு எல்லைகளை எழுதிவைப்பார்கள். அந்த இரண்டு எல்லைக்கும் இரண்டு வாயுள்ள ஓர் அளவுகோல் செய்யப்படும். நம் பட்டறைகளிலும் அதற்கு கோ, நோ கோ கேஜ் என்றுதான் பெயர். அச்சு முதல் வாய்க்குள் போக வேண்டும். இரண்டாவது வாய்க்குள் போகக்கூடாது. போனால் கழிவு. இதைச் சோதிக்க மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, இருபதாண்டு அனுபவமும் தேவையில்லை. ஒரு நாள் பழகியவர்கூட நூற்றுக்கணக்கான பாகங்களைத் தரம் பிரித்துவிடலாம். திறமை ஃபிட்டரின் விரல் நுனியிலிருந்து கிளம்பி, கேஜ் செய்யும் கருவிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, அந்த கேஜ் சரியாக இருக்கிறது என்பதை யார் சோதிப்பது? இங்கேதான் ஸ்வீடன் நாட்டு கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் வருகிறார். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், மெருகேற்றிய சிறிய எஃகுக் கட்டைகளை உருவாக்கினார். 102 கட்டைகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து, வெவ்வேறு கட்டைகளை அடுக்கிச் சேர்த்தால் 20,000 வெவ்வேறு அளவுகள் கிடைக்கும். அவற்றின் முகங்கள் அவ்வளவு சமதளமானவை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லேசாகத் திருகினால், பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்துத் தூக்கினாலும் விழாது. 1908 வாக்கில் அமெரிக்காவில் முதன்முதலில் அந்தக் கட்டைகளை வாங்கியவர்களில் லீலண்ட் ஒருவர். தொழிற்சாலையின் எல்லா கேஜுகளுக்கும் மேலே தலைமை நீதிபதிபோல அந்தப் பெட்டி இருந்தது.

இந்த ஒழுங்கு தம் சுவருக்குள் மட்டும் இருந்தால் போதாது என்பதிலும் லீலண்ட் பிடிவாதமாக இருந்தார். ஆல்ஃபிரட் ஸ்லோன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராகி அதை உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக்கியவர். இளைஞராக இருந்தபோது ஹயாட் என்ற உருளை பேரிங் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். காடிலாக்குக்கு அனுப்பிய பேரிங்குகள்மீது புகார் வந்தது. டெட்ராய்ட்டுக்குப் போனால், வெள்ளைத் தாடியோடு லீலண்ட் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஹயாட் பேரிங்குகள் வரிசையாக இருக்கின்றன. கையில் மைக்ரோமீட்டர். மாதிரிக்குக் கொடுத்தவை சரியாக இருந்தன. பிறகு வந்த சரக்கு அப்படி இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் எல்லாவற்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று அந்தப் பெரியவர் பாடம் எடுத்தார்: காடிலாக்குகள் விற்பதற்காக மட்டும் செய்யப்படுபவை அல்ல, ஓடுவதற்காகச் செய்யப்படுபவை. மொத்த உற்பத்தி என்றால் என்னவென்று தமக்கு விளங்கியது அந்த அறையில்தான் என்ற பொருள்பட ஸ்லோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாங்குபவர் திட்டினார் என்று மறந்துவிடக்கூடிய ஒரு நிகழ்ச்சியை அவர் ஆயுள் முழுக்க நன்றியோடு நினைத்திருந்தார் என்பதே லீலண்டின் அதட்டலில் இருந்த நியாயத்தைக் காட்டுகிறது.

உலகத்தின் கண்முன் நடந்த நிரூபணம் 1908இல் இங்கிலாந்தில். அங்கே காடிலாக்கை இறக்குமதி செய்து விற்ற ஃபிரடெரிக் பென்னெட்டுக்கு ஒரு தலைவலி இருந்தது. அமெரிக்கக் கார் என்றால் மலிவான கோர்வைச் சரக்கு என்பது ஆங்கிலேயர்களின் எண்ணம். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் ஒரு சோதனைக்கு அவர் காடிலாக்கை நிறுத்தினார். இருப்பில் இருந்த எட்டு ஒற்றை சிலிண்டர் கார்களிலிருந்து மூன்றைக் கிளப் தானே தேர்ந்தெடுத்தது. பிப்ரவரி 29 அன்று மூன்றும் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, தடத்தில் கொஞ்சம் ஓட்டப்பட்டு, ஒரு கொட்டகைக்குள் விடப்பட்டன.

பிறகு மூன்று கார்களையும் திருகு திருகாகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்றின் பாகங்களையும் ஒரே குவியலாகப் போட்டுக் கலந்தார்கள். எது எந்தக் காருடையது என்று யாராலும் சொல்ல முடியாதபடி. அதோடு விடவில்லை. கிளப்பின் அதிகாரிகள் குவியலிலிருந்து 89 பாகங்களைத் தாங்களாகவே எடுத்து ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடையின் உதிரிப்பாக இருப்பிலிருந்து புதியவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனரும் திருப்புளியும் மட்டுமே அனுமதி. அரம் கிடையாது, சுத்தியால் தட்டி உட்காரவைக்கும் வேலை கிடையாது.

குவியலிலிருந்து மூன்று கார்கள் எழுந்தன. வெவ்வேறு நிறத்தில் இருந்த கார்களின் பாகங்கள் கலந்துபோனதால், ஒரே காரில் பல நிறங்கள். பார்க்க ஒட்டுத்துணி தைத்ததுபோல இருந்தன. ஆனால் ஓடின. மூன்றும் தடத்தில் 500 மைல் ஓடி முடித்தன. கிளப் அந்த ஆண்டின் டூவார் கோப்பையைக் காடிலாக்குக்கு வழங்கியது.

அந்தக் கொட்டகையில் நின்ற ஆங்கிலேய மெக்கானிக்குகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கையால் பொருத்துவதே உயர்வு என்று வளர்ந்தவர்களுக்கு, யாரோ ஒருவர் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடைந்த பிஸ்டன், தாங்கள் எதேச்சையாக எடுத்த சிலிண்டருக்குள் சத்தமில்லாமல் இறங்கியபோது எப்படி இருந்திருக்கும்! ஃபோர்டின் மாடல் டி விற்பனைக்கு வந்தது அதே 1908இன் அக்டோபரில். அதன் ஓடும் வரிசை 1913இல். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒருவர் நின்று அரம் தேய்த்தால் மொத்தத் தொழிற்சாலையும் நின்றுவிடும். ஒரே அளவு என்பது கைக்கு வந்த பிறகுதான் வரிசையை ஓடவிட முடியும்.

1909இல் வில்லியம் டூரன்ட் காடிலாக்கைத் தம் ஜெனரல் மோட்டார்ஸுக்காகச் சுமார் 45 லட்சம் டாலருக்கு வாங்கினார். நிர்வாகத்தை லீலண்ட்களிடமே விட்டார். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கடனில் மூழ்கியபோது வங்கிக்காரர்களை நம்பவைத்ததில் லீலண்ட்களுக்கும் காடிலாக் ஈட்டிய லாபத்துக்கும் பெரும் பங்கு இருந்தது.

அடுத்தது ஸ்டார்ட்டர். கிராங்கைக் கையால் சுற்றி எஞ்சின் கிளப்பிப் பழகியவர்களுக்கு அது கொடுக்கும் உதை தெரியும். பொறி தெறிக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த அந்தக் காலக் கார்களில் ஒரு நெம்புகோல் இருக்கும். கிளப்பும்போது அதைப் பின்தள்ளி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் வெடித்து எஞ்சின் தலைகீழாகச் சுற்றும். கிராங்க் கைப்பிடி கையை மணிக்கட்டோடு முறிக்கும். லீலண்டின் நண்பரும் கார் உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர், நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்ப உதவியபோது கிராங்க் முகத்தில் அடித்து, அந்தக் காயத்தின் தொடர்ச்சியாகவே இறந்தார் என்பது டெட்ராய்ட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆனால் கார்ட்டர் 1908இல் இறந்ததும், கிராங்க் ஆட்களைக் காயப்படுத்தி வந்ததும், அது லீலண்டின் மனத்தை அரித்ததும் உண்மை.

வழி கண்டவர் ஓஹையோவின் டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங். அவர் முன்பு கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். எஞ்சினைச் சுற்றும் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை; சில நொடிகள் மட்டும் தன் சக்திக்கு மீறி இழுத்தால் போதும், பிறகு ஓய்வெடுக்கலாம் என்று அவர் கண்டார். அதனால் மோட்டாரைச் சிறியதாகச் செய்ய முடிந்தது. அதே கருவி எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும். 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் வழக்கமான பாகங்களாக வந்தன. டூவார் கோப்பை இரண்டாவது முறை கிடைத்தது. உடல் வலு இல்லாதவர்களும், பெண்களும், வயதானவர்களும் துணையில்லாமல் கார் எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். கண்டுபிடிப்பு கெட்டரிங்குடையது. ஆனால் சோதிக்கப்படாத ஒரு கருவியை ஆயிரக்கணக்கான கார்களில் வைக்கிறேன் என்று அறுபத்தெட்டு வயதில் துணிந்தது லீலண்ட். 1914இல் அறிவிக்கப்பட்ட காடிலாக்கின் எட்டு சிலிண்டர் எஞ்சினும் அவர் காலத்துத் துணிச்சல்தான்.

அவரைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. உலோகத்திடம் எதிர்பார்த்த ஒழுங்கை மனிதர்களிடமும் அவர் எதிர்பார்த்தார். தொழிலாளர்களுக்காகப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஆனால் தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை, சங்கங்களை எதிர்த்த டெட்ராய்ட் முதலாளிகளின் முன்வரிசையில் நின்றார். 1912இல் டெட்ராய்ட் குடிமக்கள் சங்கத்தைத் தொடங்கி, மதுக்கடை முதலாளிகள் பிடியில் இருந்த நகராட்சியைச் சீர்திருத்தப் போராடினார். அதன் விளைவாக 1918இல் வார்டு உறுப்பினர்கள் முறை போய், நகரம் முழுவதும் சேர்ந்து ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஊழல் குறைந்தது. கூடவே, குடியேறி வந்த ஏழைகள் தங்கள் வார்டிலிருந்து தங்களில் ஒருவரை அனுப்பும் வாய்ப்பும் போனது. மனிதர்களைப் பிரிக்க ‘போகும், போகாது’ என்ற இரண்டே வாய் போதாது என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. லிபர்ட்டி என்ற விமான எஞ்சினைக் காடிலாக் செய்ய வேண்டும் என்றார் லீலண்ட். டூரன்ட் உடன்படவில்லை. 74 வயதில் வேலையை விட்டு வெளியேறி, மகனோடு சேர்ந்து புது நிறுவனம் தொடங்கினார். தாம் முதல் ஓட்டுப் போட்டவரின் பெயரை வைத்தார்: லிங்கன். போர் முடிவதற்குள்ளும் அதையொட்டியும் 6,500 எஞ்சின்கள் செய்து கொடுத்தார்.

போர் முடிந்ததும் பெரிய தொழிற்சாலையும் ஆட்களும் கையில் இருக்க, கார் செய்ய முடிவெடுத்தார். லீலண்ட் என்ற பெயருக்காகவே 65 லட்சம் டாலர் பங்குகள் மூன்று மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அவருடைய பலமே இந்த முறை பாரமாயிற்று. இன்னும் சரியாகவில்லை என்று அவர் பாகங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க, 1920 தொடக்கத்தில் வர வேண்டிய கார் செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் சந்தை சரிந்துவிட்டது. எஞ்சின் அருமையானது, வெளித்தோற்றம் பழைய பாணியில் இருந்தது. அத்தனை டாலர் கொடுக்கிறவர்கள் கண்ணுக்கும் ஏதாவது கேட்பார்கள் என்பதற்கு அவரிடம் கேஜ் இல்லை. அரசு வேறு பெருந்தொகை வரிப் பாக்கி கேட்டது. அந்தக் கணக்கு தவறு என்று பிறகு தெரிந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1921 நவம்பரில் லிங்கன் நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்குப் போனது.

1922 பிப்ரவரி 4 அன்று ஏலம். எடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் லீலண்ட் வந்த இடத்திலிருந்து வெளியேறியவர். 50 லட்சம் டாலர் கேட்டார். நீதிபதி 80 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்றார், கொடுத்தார். லீலண்ட்கள் நிர்வாகத்தில் தொடர்வார்கள் என்பதே அன்றைய பேச்சு. ஃபோர்டின் ஆட்கள் உள்ளே வந்து ஒவ்வொன்றையும் மாற்றத் தொடங்கினார்கள். நான்கே மாதத்தில், ஜூன் 10 அன்று, வில்ஃபிரட் வெளியேற்றப்பட்டார். தந்தையும் அன்றே வெளியே வந்தார். தம்மை நம்பிப் பணம் போட்ட பங்குதாரர்களுக்கு ஃபோர்டு ஈடு செய்வதாக வாக்குக் கொடுத்தார் என்று லீலண்ட்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1932 மார்ச் 26 அன்று, 89 வயதில், டெட்ராய்ட்டில் லீலண்ட் காலமானார்.

லிங்கன் காரின் உடலை ஃபோர்டின் மகன் எட்செல் அழகாக மாற்றினார், விற்பனை கூடியது. எஞ்சினில் பெரிதாகக் கைவைக்கவில்லை. லீலண்ட் காலத்து எட்டு சிலிண்டர் எஞ்சினோடுதான் அந்த மாடல் 1930 வரை வந்தது. லீலண்ட் வெளியேற்றப்பட்ட மறு ஆண்டு, 1923இல், ஃபோர்டு இன்னொருவரைத் தம் ஊரான டியர்பார்னுக்கு வரவழைத்து, அவருடைய அமெரிக்கத் தொழிலையும் வாங்கிக்கொண்டு தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் எஃகுக் கட்டைகளைச் செய்த ஸ்வீடன்காரர் ஜோஹான்சன் அவர்.